காருக்கு மேலே தொங்கிய தட்டு

எங்கள் வீட்டில் கார் ஓடியதைவிடக் காருக்கு மேலே தொங்கிய தட்டு ஏறி இறங்கியதுதான் அதிகம். ஊரைவிட்டுப் போன ஒரு கம்பெனி மேனேஜரிடமிருந்து என் வீட்டுக்காரர் அந்தக் காரை வாங்கினார். கறுப்பு நிறம். நினைத்தால் ஓடும், நினைக்காவிட்டால் ஓடாது. நினைப்பது கார்தான், நாங்கள் இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அவர் தூத்துக்குடியில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றில் போர்மேன். அப்போதெல்லாம் பெரிய கப்பல் கரையை அண்டாது. கடலுக்குள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்கள் தோணியில் போய்ச் சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வேலையில் அவருக்கு நல்ல பெயர். அவர் நிற்கிற கப்பலில் ஒரு சாக்குகூடக் கடலில் விழாது என்பார்கள். அந்தப் பெயரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். கையோடு கொண்டுவந்துவிட்டார்.

குற்றம் என் மேலும் உண்டு. "வீட்டுக்குள்ள கால் வைக்க இடமில்ல, ஒரு பரண் அடிச்சுத் தாங்க" என்று ஒரு நாள் கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். ஓர் ஆசாரியைக் கூப்பிட்டிருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும். இவர் கார் கொட்டகைக்குள் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அவர் அப்பா காலத்தில் உப்பு மூட்டை அடுக்கிய கொட்டகை அது. நல்ல உயரம். சுவரை நக்கினால் இன்னும் கரிக்கும் என்று எங்கள் பிள்ளைகள் சொல்வார்கள். எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை.

"பரண் எதுக்குளா? பரணுக்கு நாம ஏறணும். சாமான்தான் நம்மகிட்ட எறங்கி வரணும்" என்றார்.

ஒரு மாதம் ஆயிற்று. கப்பலில் சரக்குக்கு அடியில் விரித்துவிட்டு, பயணம் முடிந்ததும் கழித்துப் போடுகிற பலகைகளை வாங்கி வந்து இழைத்து, கட்டில் மாதிரி இரண்டு பங்கு பெரிதாக ஒரு தட்டு செய்தார். நாலு மூலையிலும் நாலு வடக்கயிறு. நாலும் மேலே ஓர் இரும்பு வளையத்தில் சேரும். வளையத்துக்கு மேலே, கூரையின் இரும்பு உத்தரத்தில் கப்பிகள். கப்பி வழியாக வரும் கயிறு சுவரில் அடித்த முளையில் வந்து முடியும். கயிற்றை விட்டால் தட்டு இறங்கும், இழுத்தால் ஏறும். ஒற்றை ஆள் போதும் என்றார். அது முழுப் பொய்.

முதலில் கார் வெளியே போக வேண்டும். இல்லாவிட்டால் தட்டு காரின் தலையில்தான் உட்காரும். கார் நினைக்காத நாளில் நானும் தள்ள வேண்டும். அடுத்தது சைகை. கப்பலில் சரக்கைத் தூக்கி இறக்குகிற எந்திரத்துக்கு விஞ்சு என்று பெயர். அதைப் பிடிக்கிறவன் சரக்கைப் பார்க்கவே மாட்டானாம். மேல்தட்டில் நிற்கிற சைகைக்காரனின் கையை மட்டும்தான் பார்ப்பானாம். இங்கேயும் அதே சட்டம். இவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து நிற்பார். நான் எதிரே நின்று உள்ளங்கையைக் கீழே காட்டி அசைத்தால் தட்டு இறங்கும். விரலை மேலே காட்டிச் சுற்றினால் ஏறும். கையை மூடினால் நிற்கும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஐந்தடிகூட இருக்காது.

"வாய் இருக்குல்லா? நிறுத்துங்கன்னு சொன்னா ஆகாதா?" என்று கேட்டேன்.

"வாய்ச் சத்தத்துக்கு விஞ்சு நகரக் கூடாது. கடல்ல நாலு பேர் நாலு சொல்லுவான். கை ஒண்ணுதான்."

"இங்க கடல் எங்கன இருக்கு?"

பேசுகிற மும்முரத்தில் நான் கையை மூடியிருந்தேன். மூடிய கையை நான் திறக்கும்வரை தட்டு அந்தரத்திலேயே நின்றது.

தட்டு நடுவில் ஒற்றை வளையத்தில் தொங்குவதால் ஒரு பக்கம் கனம் கூடினால் சாயும். அதனால் இடப்பக்கம் ஒன்றை எடுத்தால் வலப்பக்கமும் அதே கனத்துக்கு எடுக்க வேண்டும். முதல் கிறிஸ்துமஸுக்கு இடப்பக்கத்திலிருந்து குடில் சாமான் பெட்டியையும் மூங்கில் நட்சத்திரத்தையும் எடுத்தோம். சரிக்குச் சரியாக வலப்பக்கத்திலிருந்து பிரியாணி அண்டா இறங்கியது. பாதிரியாருக்கு வீடு வீடாகக் குடில் பார்க்க வரும் வழக்கம் உண்டு. வந்தவர் குடிலுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த அண்டாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்று சொன்னேன். ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னைச் சுட்டது துறைக் கணக்கு.

கப்பல் பல துறைமுகங்களைத் தொட்டுப் போகும். கடைசித் துறையில் இறக்க வேண்டிய சரக்கை முதலில் ஏற்றி அடியில் வைப்பார்கள். முதல் துறையில் இறங்குவது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும். மாற்றி அடுக்கினால் ஒவ்வொரு துறையிலும் பாதிக் கப்பலைக் காலி பண்ண வேண்டிவரும். அது நியாயம்தான். இவர் எங்கள் வீட்டுச் சாமான்களுக்கும் துறை போட்டார். ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதிக் கொட்டகைக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். தார்ப்பாய் என்றால் ஐப்பசி. நட்சத்திரம் என்றால் கிறிஸ்துமஸ். அண்டா என்றால் வீட்டு விசேஷம். பிள்ளைகளின் தொட்டிலுக்குக்கூட ஒரு துறை இருந்தது. பேரப்பிள்ளை என்று எழுதியிருந்தார். மூத்தவளுக்கு அப்போது எட்டு வயது.

நான் நாசரேத்துக்கு என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த ஒரு வாரத்தில் இந்த அடுக்கல் வேலை நடந்தது. திரும்பி வந்து கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது விளக்குமாறு தடையில்லாமல் சுவர்வரை போனது. அங்கே என் பச்சை நிறத் தகரப் பெட்டி இருக்க வேண்டும். இல்லை. கொட்டகைக்கு ஓடினேன். கதவிலிருந்த காகிதத்தில் கடைசி வரியில் 'பச்சைப் பெட்டி' என்று இருந்தது. தட்டின் நடுவில், எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருக்கிறார். அதன் துறைக்கு நேரே ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார். வேறொன்றும் எழுதவில்லை.

அந்தப் பெட்டிக்குள் என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும், டிரெயினிங் சர்டிபிகேட்டும், நான் மூன்று வருஷம் டீச்சராக வேலை பார்த்ததற்கான சான்றும் இருந்தன. கல்யாணம் ஆனதும் வேலையை விட்டேன். "இனிமே வேலை எதுக்கு?" என்று அவர் கேட்டார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். நல்ல எண்ணத்தோடு கேட்கிறவரிடம் என்ன பதில் சொல்ல? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் திரும்ப வேலைக்குப் போகலாம் என்று நான் மனதுக்குள் வைத்திருந்தேன். அவரிடம் சொன்னதில்லை. சொல்லாதது என் தப்புதான். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்ததும் நேரே அவரிடம் போய்க் கேட்டேன்.

"இந்தப் பெட்டிக்குத் துறையே இல்லையா?"

"அதுக்கு எங்க எறக்கம்?" என்றார், நிஜமாகவே புரியாமல். வேண்டுமென்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். புரியாமல் நிற்கிற ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? போய் உலை வைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை தபாலில் கடிதம் வந்தது. நான் முன்பு வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெரிய டீச்சராக இருந்த அம்மாள் அப்போது எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் சின்னப் புதுக்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்தார். ஆறாம் வகுப்புக்கு ஆள் வேண்டும், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடு வரவும், வரவில்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவேன் என்று எழுதியிருந்தார். அந்த அம்மாள் சொன்னால் சொன்னதுதான். பத்து மணி என்றால் பத்தேகால் இல்லை.

இவர் வியாழக்கிழமையே கோதுமைக் கப்பலுக்குப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமைதான் கரைக்கு வருவார். எனக்கு வேலை வேண்டும், வேலைக்குச் சர்டிபிகேட் வேண்டும், சர்டிபிகேட் தலைக்கு மேலே தொங்குகிறது. கொட்டகையில் நின்று அண்ணாந்து பார்த்துக் கொஞ்ச நேரம் அவரைத் திட்டினேன். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

பக்கத்து வீட்டுக்காரி புன்னைக்காயல்காரி. பிறந்ததிலிருந்து வள்ளமும் வலையும் கயிறும்தான். நான் வேலையை விட்டு வருஷக்கணக்காகியும் என்னை டீச்சர் என்று கூப்பிட்டவள் ஊரிலேயே அவள் ஒருத்திதான். கடிதத்தைப் படித்துச் சொன்னேன். சேலையை வரிந்து செருகிக்கொண்டு உடனே கிளம்பினாள்.

சனிக்கிழமை காலை. கார் அன்றைக்கு நினைக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தெருவுக்குத் தள்ளினோம். அவள் முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்துக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். நான் எதிரே போய் நின்று உள்ளங்கையைக் கீழே காட்டி அசைத்தேன்.

"என்னளா டீச்சர், யாருக்கு டாட்டா காட்டுத?"

"சைகை. இது இல்லாம எறக்கக் கூடாது."

"கண்ணு முன்னால தட்டு தொங்குது. கையை எதுக்குப் பாக்கணும்? தள்ளி நில்லு, காலை நசுக்கிரப் போவுது."

தட்டைப் பார்த்துக்கொண்டே கயிற்றை விட்டாள். தட்டு அலுங்காமல் வந்து தரையில் உட்கார்ந்தது. ஒரு ஆபத்தும் நடக்கவில்லை. இரண்டு வருஷமாக நான் கையை ஆட்டிக்கொண்டு நின்றதெல்லாம் எதற்கு என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

தார்ப்பாய், நட்சத்திரம், குடில் பெட்டி, அண்டா, தொட்டில் என்று எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத்தான் பச்சைப் பெட்டியைத் தொட முடிந்தது. திறந்தேன். பாச்சை உருண்டை வாடை குப்பென்று வந்தது. நான் அதில் பாச்சை உருண்டை போட்டதே இல்லை. சர்டிபிகேட்டுகளைப் பழைய தலையணை உறை ஒன்றில் திணித்துவைத்திருந்தேன். இப்போது ஒவ்வொன்றும் தனித்தனியாக மெழுகுக் காகிதத்தில் மடிப்புக் கலையாமல் சுற்றியிருந்தது. ஈரம் பட்டால் வீணாகும் சரக்கைக் கப்பலில் சுற்றுகிற காகிதம் அது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் தீப்பெட்டிகூட நாலு நாளில் நமத்துப் போகும். என் சர்டிபிகேட்டுகள் அன்றுதான் எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தன.

அதைப் பார்த்ததும் கோபம் போகும் என்று நினைப்பீர்கள். கோபம் கூடத்தான் செய்தது. இவ்வளவு பத்திரமாகச் சுற்றத் தெரிந்த மனுஷனுக்கு, இதை ஒரு நாள் எடுக்க வேண்டிவரும் என்று மட்டும் தோன்றவில்லையே! அருமையாகப் புதைத்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரி அண்டாவின் மேல் உட்கார்ந்துகொண்டாள். நான் அழுது முடித்ததும், "நாளன்னைக்கு எந்தச் சேலை கட்டப் போற?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் புதுக்கோட்டை போனேன். ஒன்பதரைக்கே போய்விட்டேன். தலைமை ஆசிரியை சர்டிபிகேட்டை மூக்கருகே கொண்டுபோய், "என்ன வாடை?" என்றார். "கப்பல்ல இருந்து வருது" என்றேன். அவர் சர்டிபிகேட்டை மடித்து வைத்தார். வேலை கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை இவர் வந்தபோது கார் தெருவில் நின்றது. தட்டு தரையில் கிடந்தது. சாமான்கள் கொட்டகை முழுக்கப் பரந்திருந்தன. நான் வேண்டுமென்றேதான் திரும்ப ஏற்றவில்லை. உள்ளே வந்து கேட்டார்:

"யாரு எறக்குனது?"

"பக்கத்து வீட்டு அக்கா கயிறு பிடிச்சாவ. எனக்குப் புதுக்கோட்டையில வேலை கிடைச்சிருக்கு. அடுத்த வாரம் சேரணும்."

"சைகை யாரு குடுத்தது?"

"யாரும் குடுக்கல."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "உன் மேல விழுந்திருந்தா?" என்றார். அன்றைக்கு அவர் கேட்டது அவ்வளவுதான். மறுநாள் கொட்டகைக் கதவைப் பார்த்தேன். பச்சைப் பெட்டி என்ற வரியை ஸ்கேல் வைத்து அடித்து, கோடு இருந்த இடத்தில் 'இறங்கியது' என்று எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் சம்மதம் என்பது அப்படித்தான் வந்தது.

திரும்ப அடுக்கும்போது நடு அடியில் பெட்டி இருந்த இடம் காலியாகக் கிடந்தது. அங்கே கனமாக எதையாவது வைக்காவிட்டால் தட்டு ஆடும் என்றார். எனக்குள் ஆறாமல் ஒன்று கிடந்ததே, அது அப்போது வாயைத் திறந்தது. "உங்க சாய்வு நாற்காலியை வைங்க" என்றேன். தேக்கில் செய்த நாற்காலி. ஆசையாக வாங்கிப் போட்டார். கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் அதில் படுத்ததில்லை, அதற்குள் கப்பல் வந்துவிடும். காகிதத்தில் அதன் பெயரை நானே எழுதி, துறைக்கு நேரே 'ரிட்டயர்' என்றும் எழுதினேன். டீச்சர் கையெழுத்து, அச்சடித்த மாதிரி இருக்கும்.

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். படித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். "சரிதான். அதுவரைக்கும் நமக்கு எங்க நேரம்?" என்றார். என் பழிவாங்கல் அதோடு முடிந்தது. நாற்காலி முதலில் ஏறியது.

பிறகு புதுத் துறைமுகம் வந்தது. கப்பல்கள் நேரே கரையில் வந்து ஒட்டி நின்றன. கிரேன்கள் வந்தன. தோணிக்கு வேலை குறைந்தது. இவர் வாரத்தில் ஆறு நாள் போனது நாலாகி, இரண்டாகியது. நான் கேட்டால், "அடுத்த வாரம் கப்பல் வருது" என்பார். நானும் நம்பினேன். நம்பாமல் வேறென்ன செய்வது? எனக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வேலை தலைக்கு மேல் இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது கார் தெருவில் நின்றது. வேலியருகே பக்கத்து வீட்டுக்காரி நின்றாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"காலையிலருந்து உங்க வீட்டுல அவிய அங்கனதான் நிக்காவ. நான் கயிறு பிடிக்கட்டான்னு கேட்டேன். வேண்டாம், அவ வரட்டும்னுட்டாவ."

கொட்டகைக்குள் போனேன். கப்பலுக்குப் போகிற காக்கி உடுப்போடு, முளைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். டிபன் கேரியர் தரையில் இருந்தது. திறக்கவில்லை.

"எப்ப வந்தீங்க?"

"பத்தரைக்கு." "கம்பெனியில இனிமே வர வேண்டாம்னுட்டான்" என்றார். ஓய்வு பெறும் வயதுக்கு இன்னும் பல வருஷம் இருந்தது. "நாற்காலியை எறக்கணும்."

"இவ்வளவு நேரம் நின்னுக்கிட்டா இருந்தீங்க?"

"சைகை குடுக்க ஆளில்ல."

கதவில் என் கையெழுத்து இருந்தது. 'ரிட்டயர்' என்ற அந்த ஒற்றை வார்த்தையை எட்டி அழிக்க அவருக்கு அன்றைக்கு ஆறு மணி நேரம் இருந்தது. அழிக்கவில்லை. எனக்கு அந்தக் காகிதத்தைக் கிழித்து வாயில் போட்டு விழுங்கிவிடலாமா என்றிருந்தது. சைகை கொடுக்கிற ஆள் அழக் கூடாது. பையைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவருக்கு எதிரே நின்றேன்.

அவர் கயிற்றை அவிழ்த்தார். தட்டை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. என் கையை மட்டும் பார்த்தார். நான் உள்ளங்கையைக் கீழே காட்டி மெதுவாக அசைத்தேன். அண்டா, தொட்டில், நட்சத்திரம், அடியில் நாற்காலி, எல்லாமாகத் தட்டு கொஞ்சம்கூடச் சாயாமல் இறங்கியது. ஒரு தூசிகூட விழவில்லை. பலகை தரையைத் தொட்ட சத்தம் எனக்குக் கேட்டது, அவருக்கும் கேட்டிருக்கும்.

ஆனாலும் அவர் கயிற்றை விடவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் கையை மூடினால்தான் அவருக்கு வேலை முடியும். எனக்குக் கையை மூட மனம் வரவில்லை.